சூரியன் மேல் போட்ட பழி

(நம் சங்கத்தின் கொடைக்கானல் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசுப்பா, ஆனா கான்கிரீட் பத்தி மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் சூரியனைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். நாளைக் காலை அப்சர்வேட்டரி போவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. போவதற்கு முன்னால் ஒரு கேள்வியை உங்களிடம் கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறேன். இந்த மலை உச்சியில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், வெள்ளைக்காரன் எதற்காகச் சூரியனைப் பார்க்கக் கட்டடம் கட்டினான்? மோட்டார் சாலை இங்கே முழுசாக வந்து சேர்ந்ததே 1914 வாக்கில்தான். ஆய்வகம் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. இவ்வளவு சிரமப்பட்டுக் கருவிகளை மலையேற்ற என்ன அவசரம்?

பதில் வானத்தில் இல்லை. கீழே, சமவெளியில், நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் இருக்கிறது.

தாது வருஷம் என்பது 1876-77. 1876-ல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. சென்னை ராஜதானி, மைசூர், பம்பாய் தக்காணம், ஹைதராபாத் என்று தென்னாடே காய்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் இறந்தார்கள் என்பது பின்னால் அரசாங்கத்தின் பஞ்சக் கமிஷனே ஒப்புக்கொண்ட கணக்கு. 1871-ல் எடுத்த குடிமதிப்பைவிட 1881-ல் எடுத்த குடிமதிப்பில் சென்னை ராஜதானியின் ஜனத்தொகை குறைவு. பத்து வருஷத்தில் கூடவேண்டிய தொகை குறைந்தது என்றால் அதன் அர்த்தத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் கிராமத்தில் வயதானவர்கள் யாராவது அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் "என்ன, தாது வருஷத்துலேர்ந்து வந்தவனா?" என்று கேட்பதுண்டு.

மழை பெய்யவில்லை என்பது உண்மை. அதில் சந்தேகமே வேண்டாம். 1877-ல் பசிபிக் பெருங்கடலில் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்றைய வானிலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே காலத்தில் சீனாவிலும் பிரேசிலிலும்கூடப் பஞ்சம். ஆனால் மழை இல்லாததால் மட்டும் ஐம்பது லட்சம் பேர் சாவார்களா? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாம் பொறியாளர்கள், கணக்கைப் பார்த்துவிடலாம்.

மூன்று வருஷம் முன்னால், 1873-74-ல், பீகாரிலும் வங்காளத்திலும் மழை பொய்த்தது. அங்கே நிவாரணப் பொறுப்பில் இருந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியைக் கப்பலில் வரவழைத்துக் கொடுத்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வசவு! "பணத்தை வாரி இறைத்துவிட்டான்" என்று லண்டன் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1877 ஜனவரியில் அதே டெம்பிளை வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். இந்த முறை மனுஷர் பாடம் படித்துக்கொண்டு வந்திருந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூடக் கொஞ்சம் சில்லறை. இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் வந்துவிட்டது. சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

தானியம் நாட்டில் இல்லையா? இருந்தது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. ரயில் போன ஊருக்கெல்லாம் தானியம் வந்தது. கூடவே விலையும் ஏறியது. வாங்கத்தான் ஆளில்லை, ஏனென்றால் கூலி வேலை இல்லை. தனியார் வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது லிட்டன் பிரபுவின் உத்தரவு. அதே 1877-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை முந்தின ஆண்டைவிட அதிகம். அதே 1877-ன் முதல் தேதியில்தான் டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்த தர்பாரும் நடந்தது.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 1876 கடைசியில் சென்னை ராஜதானியில் பல இடங்களில் தானியக் கடைகளைச் சூறையாடியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பம்பாய்ப் பக்கம் டெம்பிள் கூலியை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். பூனா சர்வஜனிக் சபா அவர்கள் பக்கம் நின்று மனு மேல் மனு போட்டது. அரைவயிற்றுக்காரன் வேலைநிறுத்தம் செய்வது சாதாரண விஷயமா? 1879-ல் வாசுதேவ் பல்வந்த் பட்கே ஆயுதம் எடுத்ததற்கும் அந்தப் பஞ்சத்தில் அவர் கண்ட காட்சிகள் ஒரு காரணம். ஆக, எதிர்ப்பு இருந்தது. அரசாங்கத்துக்குப் பயமும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் சூரியன் மேடைக்கு வருகிறார்.

இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர், 1813 முதல் 1876 வரை சென்னையில் பெய்த மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டார். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும். புள்ளி குறையும் காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சமும் வருகிறது என்று 1877-ல் எழுதினார். ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும் 'நேச்சர்' இதழின் ஆசிரியருமான நார்மன் லாக்கியர் அவருடன் சேர்ந்துகொண்டார். 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்ற பொருளில் இருவரும் அதே ஆண்டு நவம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரை படித்தவர் மத்தியில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அடுத்த வருஷம் ஜெவன்ஸ் என்ற பொருளாதார நிபுணர், இங்கிலாந்தின் வியாபார நெருக்கடிகளுக்குக்கூடச் சூரியப் புள்ளிதான் காரணம் என்று கிளம்பிவிட்டார். 1878 முதல் டேராடூனில் தினமும் சூரியனைப் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு ஆயிற்று.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஹண்டரோ லாக்கியரோ பொய் சொல்லக் கிளம்பியவர்கள் இல்லை. பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் தயாராகலாமே என்பது அவர்கள் வாதம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு கருத்தைச் சொன்னவன் எண்ணம் வேறு, அது ஆட்சியாளர் கையில் போய்ச் செய்யும் வேலை வேறு. பஞ்சத்துக்குக் காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறது என்று ஆகிவிட்டால், கலெக்டர் கச்சேரி வாசலில் யார் போய் நிற்பது? கூலி குறைவு என்று யாரிடம் கேட்பது? சூரியனுக்கு மனு போட முடியுமா?

நம் தமிழ் மரபில் இதற்கு நேர் எதிரான நினைப்பு ஒன்று உண்டு. அரசன் முறை தவறினால் வானம் பெய்யாது என்கிறார் வள்ளுவர், கொடுங்கோன்மை அதிகாரத்தில். தெருக்கூத்தில் ராஜா வந்து உட்கார்ந்ததும் மந்திரியிடம் முதலில் கேட்பது, "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றுதான். சின்ன வயதில் இதைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். வானிலை சாஸ்திரப்படி இது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ராஜா யோக்கியனா என்று பார்த்து மேகம் வருவதில்லை. ஆனால் அரசியல்படி இதில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. மழை பெய்யாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவன் ராஜா. பஞ்சம் வந்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது சிம்மாசனம். லிட்டன் பிரபு கொலுவிருந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் மந்திரி என்ன சொல்லியிருப்பார்? "சூரியனில் புள்ளி குறைந்துவிட்டது பிரபு, தங்கள் மேல் தவறே இல்லை" என்றுதானே! நம்மவர் மழையை வைத்து அரசனைக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் சூரியனை வைத்து அரசனை விடுதலை செய்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. பஞ்சத் தடுப்பு நிதி என்று சொல்லி வரி போட்டார்கள். 1878-ல் சென்னை ராஜதானியில் உப்பு வரியை உயர்த்தினார்கள். பஞ்சத்தில் அடிபட்டவன் உப்பிலிருந்தே பஞ்ச நிதி! அந்த நிதி கொஞ்ச நாளிலேயே ஆப்கன் போர்ச் செலவால் விழுங்கப்பட்டது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் அதே 1878-ல் வந்தது. சென்னை ராஜதானி மட்டும் அதிலிருந்து தப்பியது. 1900-ல் ரமேஷ் சந்திர தத் பஞ்சத்துக்கு நிலவரிதான் முக்கியக் காரணம் என்று கர்சன் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1902-ல் கர்சன் அரசாங்கம் ஒரு நீண்ட தீர்மானமே வெளியிட்டுப் பதில் சொன்னது. சாரம் பழைய சாரம்தான்: காரணம் வரி இல்லை, மழை.

இனி நம் மலைக்கு வருவோம். 1882-ல் சென்னை வான் ஆய்வகத்தின் தலைவர் போக்சன், தென்னிந்திய மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் அலைந்து இடம் பார்த்தார். 1893-ல் கொடைக்கானல் என்று முடிவாயிற்று. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். சூரியனுக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணங்களில் ஒன்று.

இதே வென்லாக் பிரபு இதே 1895 அக்டோபரில் இன்னொரு விழாவுக்கும் போனார். அது முல்லைப் பெரியாறு அணையின் திறப்பு விழா! மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் விட்டு, மதுரைச் சீமைக்குக் கொண்டுவந்த பென்னிகுக்கின் வேலை. அதற்கான யோசனைகள் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தன. தாது வருஷப் பஞ்சம்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது.

தம்பி தங்கைகளே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே பஞ்சம். ஒரே கவர்னர். ஒரே மாதம். ஒரு கல், 'மழை ஏன் பெய்யவில்லை?' என்று வானத்தைக் கேட்கிறது. இன்னொரு கல், 'மழை பெய்யாவிட்டால் ஜனங்களுக்கு என்ன செய்வது?' என்று பூமியைக் கேட்கிறது. இரண்டும் நல்ல கேள்விகள்தான். முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவது கேள்வியை மறைக்கும்போதுதான் அது பிரசாரம் ஆகிவிடுகிறது. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன் 1877-78-லேயே இதைச் சொன்னார். ரயிலுக்குக் கொட்டிய பணத்தில் பாதியை வாய்க்காலுக்குச் செலவழியுங்கள் என்று கிழவர் லண்டனில் சண்டை போட்டார். அவர் நம் ஜாதி, அதாவது இன்ஜினியர் ஜாதி!

சரி, இங்கே மலையில் சூரியனைப் பார்த்தவர்கள் கடைசியில் என்ன கண்டார்கள்? அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1909-ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே எடுத்த சூரியப் படங்களை உலகமே இன்று கேட்டு வாங்குகிறது. ஆனால் மழை? வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பில் 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், கணித மேதை. சூரியப் புள்ளியையும் மழையையும் எண்ணால் நிறுத்துப் பார்த்தார். உறவு மிகவும் பலவீனம், இதை நம்பிப் பருவமழையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவர் வேறு திசையில் தேடிப் போய்க் கண்டுபிடித்த 'தென் அலைவு'தான் பிற்பாடு எல் நினோவோடு இணைந்தது. அரசாங்கத்துக்குச் சாக்குச் சொல்ல வசதியாக இருந்த ஒரு கருத்தை, அரசாங்கச் சம்பளம் வாங்கிய விஞ்ஞானமே கைவிட்டது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்சி மட்டும் பழைய வழியை விடவில்லை. 1942 அக்டோபர் 16-ம் தேதி வங்காளத்தின் மிதுனாபுரி மாவட்டத்தைப் பெரும் புயல் தாக்கியது. பதினாலாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மாவட்டம் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் முன்னணியில் இருந்த மாவட்டம். புயல் செய்தியே பல நாள் வெளியே வராமல் தணிக்கை அடக்கியது. போராட்டத்தைக் கைவிடும் வரை நிவாரணம் தரக்கூடாது என்று அதிகாரிகள் மட்டத்தில் யோசனை சொல்லப்பட்டதாகக் குற்றம் சாட்டி, மாகாண நிதி மந்திரி சியாமா பிரசாத் முகர்ஜி நவம்பரில் பதவியை விட்டார். 1877-ல் 'இது இயற்கை, எங்களைக் கேட்காதே' என்றார்கள். 1942-ல் 'இது இயற்கை, எங்களை எதிர்த்தால் அதனிடமே விட்டுவிடுவோம்' என்கிற அளவுக்குப் போனார்கள். மிதுனாபுரி மக்கள் என்ன செய்தார்கள்? அதே டிசம்பரில் தாம்ரலிப்த ஜாதிய சர்க்கார் என்று சொந்த அரசாங்கமே அமைத்து, நிவாரண வேலையையும் தாங்களே செய்தார்கள்.

"எல்லாம் சரி, வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு இந்தக் கதை?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பழைய பழக்கம் நம் ஃபைல்களில் இன்னும் இருக்கிறது, அதனால்தான்.

சில வருஷம் முன்னால் ஒரு மலைச்சாலையில் தடுப்புச் சுவர் சரிந்து, கீழே இரண்டு குடும்பங்களின் வீடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. பார்வையிட அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அறிக்கை முன்கூட்டியே தட்டச்சாகித் தயாராக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: "எதிர்பாராத கனமழை." போய்ப் பார்த்தால், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பே இல்லை, வெறும் மண். தண்ணீர் வடிய வேண்டிய துளைகளில் பாதி சிமென்ட் பூச்சில் அடைபட்டுக் கிடந்தன. பக்கத்து எஸ்டேட்டில் மழைமானி இருந்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே அளவு மழை முந்தைய ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை பெய்திருந்தது. எதிர்பாராத மழையாம்! அந்த ஒரு வரி அப்படியே போயிருந்தால் அந்த இரண்டு குடும்பங்களும் நஷ்டஈடு கேட்க யாரும் இல்லை. மழையிடம் போய்க் கேட்க முடியாது அல்லவா? பதிவேட்டின் நகலையும் துளைகளின் புகைப்படத்தையும் அறிக்கையோடு சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். சிலருக்கு என் மேல் வருத்தம். அந்தக் குடும்பங்களுக்கு முழுசாக இல்லாவிட்டாலும் ஒரு தொகை கிடைத்தது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் 'நூறு வருஷத்தில் இல்லாத மழை' என்ற பேச்சைத்தான் முதலில் கேட்டோம். பெய்தது பெருமழைதான். ஆனால் பின்னால் தணிக்கைத் துறையின் அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. இப்போது பருவநிலை மாற்றம் என்ற பெரிய சொல் வந்திருக்கிறது. அது உண்மை, அதை நாம் மறுக்கக்கூடாது. ஆனால் உண்மையான விஷயம்தான் சாக்குச் சொல்ல ரொம்ப வசதி. 1877-ல் மழை பொய்த்ததும் உண்மைதானே! பாதி உண்மை முழுப் பொய்யைவிட நன்றாக உழைக்கும்.

இந்தப் பழனி மலையிலும் நாளைக்கு ஒரு சரிவு விழலாம், ஒரு ஓடை பெருகலாம், ஒரு கோடையில் காடு எரியலாம். அப்போது ஒரு காகிதம் உங்கள் மேஜைக்கு வரும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே இயற்கை என்று எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். எவ்வளவு மழை, எத்தனை மணி நேரத்தில், முன்பு எப்போது பெய்தது, வடிகால் எங்கே, யார் அடைத்தது, எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று அடுத்த வரிகளையும் எழுதுங்கள். அந்த வரிகள் இருந்தால்தான் பாதிக்கப்பட்டவன் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். கணக்குப் போடவும், கையெழுத்தின் கனம் தெரிந்து கையெழுத்துப் போடவும் நமக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கல்லூரிதான்.

இருபது நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கான்கிரீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.